சீராக வேகம் கூடினால் தூரம் எவ்வளவு?

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் சாலையில் ஒரு கார் புறப்படுகிறது. 10 விநாடியில் அதன் வேகம் சீராக ஏறி மணிக்கு 72 கி.மீ., அதாவது விநாடிக்கு 20 மீட்டர் ஆகிறது. அதே வேகத்தில் 20 விநாடி ஓடுகிறது. வேகத்தடையைக் கண்டு பிரேக் போட, 5 விநாடியில் சீராகக் குறைந்து நிற்கிறது. கடந்த தூரம் எவ்வளவு?

எப்படி? மூன்று கட்டமாகப் பிரிக்கலாம். ஏறும்போது சராசரி வேகம் 10. பத்து விநாடிக்கு 100 மீட்டர். நடுவில் 20 × 20 = 400. இறங்கும்போதும் சராசரி 10. ஐந்து விநாடிக்கு 50. மொத்தம் 550 மீட்டர்.

சராசரி ஏன் உச்ச வேகத்தில் பாதி? வேகம் சீராக மாறுவதால், முதல் பாதி நேரத்தில் சராசரிக்குக் குறைகிற அளவை அடுத்த பாதி ஈடுகட்டிவிடுகிறது. வேகத்தையும் நேரத்தையும் வரைபடமாக்கினால் கிடைப்பது சரிவகம். அதன் பரப்பே தூரம். 14-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் இந்தச் சராசரி விதியைச் சொன்னார்கள். 1638-இல் வெளியான நூலில் கலிலியோ, விழும் பொருளுக்கு அதைப் பொருத்திக் காட்டினார்.

இதே பிரேக்கில், 36 கி.மீ. வேகத்தில் வரும் கார் 2.5 விநாடியில், 12.5 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கிறது. அதனால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. ஊருக்குள் நிதானமாக ஓட்டச் சொல்வதன் கணக்கு இதுதான்.