மொட்டைப் பாறை தரும் தண்ணீர்

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போனால் அரிட்டாபட்டி. அடர்ந்த காடு, அருவி என்று எண்ணி வருபவருக்கு முதல் பார்வையில் ஏமாற்றம்தான். வெயிலில் காயும் ஏழு குன்றுகள், கீழே வயலும் கண்மாயும், அவ்வளவுதான். ஆனால் 2022 நவம்பரில் தமிழக அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது இதைத்தான். பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். சுமார் 250 வகைப் பறவைகளோடு அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் இங்கே உண்டு.

சுற்றிலும் வானம் பார்த்த பூமி. இத்தனை உயிர்களுக்கும் தண்ணீர் ஏது? அந்த மொட்டைப் பாறைதான் கொடுக்கிறது. சமவெளியில் பெய்யும் சிறுமழையை மேல்மண்ணே குடித்துவிடும். அடுத்த நாள் வெயில் அதையும் உறிஞ்சிவிடும். கருங்கல் குடிக்காது. விழுந்த நீர் சரிவில் ஓடிக் கண்மாய்க்குப் போகிறது. வழியில் வெடிப்புகளுக்குள் இறங்கிய நீர், வெயில் எட்டாத ஆழத்தில் மெல்ல நகர்ந்து அடிவாரத்தில் சுனையாகக் கசிகிறது. இந்த வட்டாரத்தில் 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் உண்டு என்கிறது அரசின் கணக்கு.

பாறையில் நீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கவனித்திருக்கிறார்கள். இங்குள்ள கழிஞ்சமலைக் குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். பாறைமேல் வழியும் மழைநீர் பரப்பை ஒட்டிக்கொண்டே குகைக்குள் வளைந்து வரப் பார்க்கும். காடியின் விளிம்பைத் தொட்டதும் பிடி விட்டு வெளியே சொட்டிவிடும். குகையில் தங்கிய சமண முனிவர்களுக்கு உலர்ந்த படுக்கை கிடைத்தது இப்படித்தான். அங்குள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் இன்றும் வாசிக்கக் கிடைப்பதில் அந்தக் காடிக்கும் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளையும் இங்கே இழுப்பது அதே பாறைதான். வல்லூறுகள் தாமாகக் கூடு கட்டுவதில்லை. செங்குத்துப் பாறையின் திட்டிலோ, வேறு பறவை விட்டுப்போன கூட்டிலோ முட்டையிடும். பகலில் பாறை சூடேறினால் மேலெழும் காற்று, கழுகைச் சிறகடிக்க வைக்காமலே உயரத்துக்குத் தூக்குகிறது. அங்கிருந்து பார்த்தால் திறந்த வயல்வெளி. ஒளிய இடமில்லாத இரை. ஷாஹீனின் இனமான பொரி வல்லூறு பாயும்போது வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் இந்தத் தலமும் சிக்கியது. ஊர்மக்கள் விடாமல் போராடினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. இது வேலிபோட்ட சரணாலயம் அல்ல, ஆட்கள் வாழும் ஊர். ஆண்டின் தொடக்க மாதங்கள் வல்லூறுகள் முட்டையிடும் காலம். தாய் எழுந்து பறந்தால் வெயிலில் முட்டை கெட்டுவிடும். அப்போது பாறை முகடுகளில் ஏறாதீர்கள். பைனாகுலரோடு கண்மாய்க் கரையிலேயே நின்று பாருங்கள்.