சீட்டாட்டமும் சிதறாத கவனமும்

போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் பரவலான வகையில், ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைவாக இருக்க, பொதுவாக விரிக்கப்படும் ஐந்து சீட்டுகளையும் பிறர் பந்தயம் கட்டும் முறையையும் கொண்டே எதிராளியின் பலம் கணிக்கப்படுவதால், கைச்சீட்டுகளைக் கீழே வைத்து ஒதுங்கிய பின்னும் ஆட்டத்தைக் கவனிப்பவரே அடுத்த சுற்றுக்குத் தயாராகிறார். தோல்விக்குப் பின் சினத்தால் நிதானம் இழந்து, இழந்ததை மீட்க அவசரமாகப் பந்தயம் கட்டும் நிலையை ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்பர். முடிந்த சுற்றிலேயே மனம் தங்கிவிடுவதே இதன் வேர்.

முடிந்ததை விட்டு நடப்பதில் கவனம் வைக்கும் பண்பு சதுரங்கத்திலும் வெற்றியைத் தீர்மானிக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் செய்த பிழையைக் கண்டுகொண்ட சென்னையின் குகேஷ், 18 வயதில் உலகப் பட்டம் வென்றார். மனப்பயிற்சியாளர் பேடி அப்டன் அவருடைய குழுவில் இருந்தார்.

ஆனால் சீட்டாட்டத்தில் பணமும் சேரும்போது சட்டம் குறுக்கிடுகிறது. ரம்மியும் போக்கரும் திறன்சார் ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியபோதும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை இணையப் பண ஆட்டங்களுக்குத் தமிழ்நாடு விதித்த தடையை அதே நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்தது. ஆட்டம் திறன்சார்ந்ததே ஆனாலும், நள்ளிரவில் களைத்த மனத்தில் கவனம் நிலைப்பதில்லை. பணம் இழந்த பதற்றத்தில் அது அறவே அழிகிறது. ஆகவே விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டை போன்ற ஊர்களின் இளைஞர்கள், இக்கவனத்தைப் பணயமில்லாத சதுரங்கப் பலகையில் பழகுவதே நன்று.