சிறுதொழில், பெருமுயற்சி – 14
உங்கள் எண்ணைச் சேமித்தவர்கள் எத்தனை பேர்?

மதுரையிலும் சின்னாளபட்டியிலும் சுங்குடிச் சேலை கொள்முதல் செய்வது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். சேலைகள் பீரோவுக்கு வந்துவிட்டன. இனி யாரிடம் விற்பது? இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கித் தினமும் ரீல் போடச் சொல்வார்கள். போடலாம், அதில் தவறில்லை. ஆனால் முதலில் வாட்ஸ்அப் பக்கம் வாருங்கள் என்பேன்.

சிறு வணிகர்களுக்கென்றே 2018இல் வந்தது வாட்ஸ்அப் பிசினஸ். அதைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. சேலைகளைப் படத்தோடும் விலையோடும் கேட்டலாகில் அடுக்கி வைக்கலாம். பணம் வர வேண்டியவர், பார்சல் போக வேண்டியவர் என்று வாடிக்கையாளர்களை லேபிள் போட்டுப் பிரிக்கலாம். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இதிலும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது என்பதால், தொழிலுக்குத் தனி சிம் வாங்கிவிடுங்கள். குடும்பப் பேச்சும் வியாபாரப் பேச்சும் கலக்காமல் இருக்கும்.

இதில் பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். நீங்கள் அவர் எண்ணை வைத்திருந்தால் மட்டும் போதாது. ஃபாலோயர் எண்ணிக்கையைவிட நான் இந்தக் கணக்கைத்தான் பெரிதாக மதிக்கிறேன். ரீலுக்கு லைக் போட ஒரு நொடி போதும். ஒருவர் உங்கள் பெயரை 'சுங்குடி அக்கா' என்று போனில் பதிந்து வைக்கிறார் என்றால், இன்னொரு முறை வாங்கும் எண்ணம் அவருக்கு இருக்கிறது.

எப்படிச் சேமிக்க வைப்பது? கேட்டுத்தான். தெரிந்தவர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். "அக்கா, நான் சுங்குடிச் சேலை விற்க ஆரம்பிச்சிருக்கேன். புதுசு வந்தா உங்களுக்கு அனுப்பட்டுமா? சரின்னா இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க." சரி என்றவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். கேட்காமல் குரூப்பில் சேர்த்தால் அன்றைக்கே வெளியேறிவிடுவார்கள், சிலர் புகாரும் தட்டுவார்கள். புகார்கள் கூடினால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் குரூப் என்றால் அட்மினிடம் அனுமதி வாங்கிவிட்டே படம் போடுங்கள்.

படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மொத்த வியாபாரி அனுப்பும் படத்தை அப்படியே போடாதீர்கள். அதே படம் எத்தனையோ ரீசெல்லர்களிடம் சுற்றிக்கொண்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் நீங்களே எடுங்கள். நிறம் உள்ளபடி தெரிந்தால் பார்சல் திரும்பி வருவதும் குறையும்.

இன்ஸ்டாகிராமின் வேலை, முகம் தெரியாதவரை உங்கள் வாசல் வரை அழைத்து வருவது. அதற்குச் சுங்குடியைப் போல வசதியான சரக்கு குறைவு. துணியில் நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்க்கும்போது புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும் அந்தக் காட்சியை மட்டும் காட்டினாலே ஆட்கள் நின்று பார்ப்பார்கள். கைமுடிச்சு எது, அச்சு எது என்பதையும் அதே வீடியோவில் சொல்லிவிடுங்கள். சுங்குடி என்ற பெயரில் அச்சுச் சேலைகள் ஏராளமாக விற்கின்றன. அதை மறைக்காமல் சொல்லி, இரண்டுக்கும் தனித்தனி விலை வைப்பவரை மக்கள் நம்புகிறார்கள்.

விலையையும் வெளிப்படையாகவே எழுதுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்ற வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற சந்தேகத்தில் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். கேட்கவே கூச்சப்படுகிறவர்களும் நம்மிடையே நிறைய.

பிரபலமான இன்ஃப்ளூயன்சருக்குச் சேலையை இலவசமாக அனுப்பிப் பேசச் சொல்வதும் உண்டு. அப்படிப் பேசுகிறவர் அது விளம்பரம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தச் சேலையை ஏற்கெனவே வாங்கிய ஒருவருக்குத் தீபாவளிப் பரிசாகக் கொடுப்பேன். அவர் கட்டிக்கொண்டு போகும் கல்யாண வீட்டில் நாலு பேர் விசாரிப்பார்கள்.

ஃபேஸ்புக்கில் ஊர்க் குழுக்களும் சேலைக் குழுக்களும் இருக்கின்றன. அங்கே விளம்பரத்தைக் கொட்டுவதைவிட, வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். "சுங்குடி சாயம் போகுமா?" என்று யாராவது கேட்பார்கள். "அடர் நிறமென்றால் முதல் சலவையில் கொஞ்சம் போகலாம். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசுங்க, நிழலில் உலர்த்துங்க" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பதிலைப் படித்துவிட்டு உங்கள் புரொஃபைலைத் திறப்பவர்தான் அடுத்த வாடிக்கையாளர். அங்கே உங்கள் எண் இருக்கட்டும்.

ஆர்டர் வரத் தொடங்கியதும் பணம் செலுத்தியதாக ஸ்கிரீன்ஷாட்களும் வரும். அதை மட்டும் நம்பிப் பார்சலைக் கட்டாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது மிகச் சுலபம். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே கூரியர் கடைக்குக் கிளம்புங்கள்.

பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ முதல் ஆர்டர் வரும்போது, ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே வரும். சொந்த மாநிலத்துக்குள் விற்பதற்கும் வெளி மாநிலத்துக்கு அனுப்புவதற்கும் விதிகள் வேறு. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)