பழைய ஃபியட்டுக்குப் புது எஞ்சின் வேண்டுமா?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று அடுத்தடுத்து ஐந்து ஆறுகள். அரை மணி நேர ஓட்டத்துக்குள் ஐந்து பாலங்கள். பாலத்தில் ஏறும் இடத்தில் மண் அமுங்கி ஒரு பள்ளம் இருக்கும். இறங்கும் இடத்தில் ஒரு தூக்கல் இருக்கும். பழைய கார் ஒன்றைக் கட்டி முடித்ததும் நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது இந்த வழியில்தான். காவிரிப் பாலம் வருவதற்குள் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங், பிரேக் நான்கின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். தாத்தா வாங்கிய ஃபியட்டோ ஹெரால்டோ களத்து ஓரக் கொட்டகையில் வைக்கோலுக்கும் உர மூட்டைக்கும் நடுவில் கிடந்திருக்கும். அதை ஓட வைக்க வேண்டும், அதுவும் சும்மா ஓடினால் போதாது, பறக்க வேண்டும் என்ற ஆசையோடு வருவார்கள். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“அண்ணே, நிசான் எஞ்சின் ஒண்ணு கிடைக்குது. போட்டுடலாமா?”

“போடலாம் தம்பி. பிரேக் எப்படி இருக்குன்னு பார்த்தீங்களா?”

பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் ‘ஃபியட்’ என்றும், 1970-களின் நடுவிலிருந்து ‘பிரீமியர் பத்மினி’ என்றும் ஓடிய அந்தக் கார், 1953-இல் இத்தாலியில் பிறந்த ஃபியட் 1100-103-இன் வாரிசு. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதைச் செய்தது. பிறந்த ஆண்டிலேயே அதற்கு ‘டூரிஸ்மோ வெலோசே’ என்ற வேக வடிவமும் இத்தாலியில் வந்துவிட்டது. இங்கே, சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட்டும் ஹெரால்டும் சீறிக்கொண்டு ஓடியிருக்கின்றன. குடும்ப வண்டி என்று நாம் நினைக்கிற இந்தக் காருக்குள் பந்தய ரத்தம் உண்டு. அதை வெளியே கொண்டுவர முடியும். எந்த வரிசையில் கொண்டுவருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரைக் கொண்டுவந்தது. உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, 1977-இல் ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருது வாங்கிய அழகி. அங்கே அதற்கு மூன்றரை லிட்டர் வி-8 எஞ்சின் உண்டு. இங்கே அதற்குள் உட்கார வைத்தது, ஸ்டாண்டர்டு வேன்கார்டில் இருந்து வந்த 1991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினை. நம் சாலைக்காகக் காரை உயர்த்தியும் விட்டார்கள். பார்வைக்கு விமானம், மிதித்தால் நகர யோசிக்கும். விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தது. 1988-ஓடு கதை முடிந்தது.

அந்த எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதே குடும்பத்து எஞ்சின்தான் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருந்தது. 1953-இல் பெல்ஜியத்தின் ஜாபெக் சாலையில் அந்தக் கார் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொட்டது. அதே குடும்பத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரில் உழவும் செய்தது. ஆக எஞ்சின் நல்லதுதான். சுமக்க வேண்டிய எடைக்கும் ஓட வேண்டிய சாலைக்கும் அது பொருந்தவில்லை. ஒரு பெரிய தொழிற்சாலைக்கே நேர்ந்த இந்தப் பொருத்தக் கோளாறு, தனி ஆள் கார் கட்டும்போது இன்னும் சுலபமாக நேரும்.

இனி நம் சாலைக்கு வருவோம். டெல்டா மண் களிமண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் போட்ட தார்ச்சாலை கொஞ்ச நாளில் அலை அலையாகிவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் வாய்க்கால் ஓரச் சாலையின் விளிம்பு ஊறும். நடவு நேரத்தில் கேஜ் வீலோடு சாலையில் ஏறுகிற டிராக்டர் தாரைக் கீறிவிட்டுப் போகும். அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் லாரிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் சக்கரத்தை இறக்கி எதிரே வருகிற பேருந்துக்கு வழிவிட வேண்டும். இப்படிப்பட்ட சாலையில் சக்கரம் தரையை விடாமல் தொட்டுக்கொண்டிருப்பதுதான் வேகம். விறைப்பான ஸ்பிரிங் போட்ட கார் நல்ல நெடுஞ்சாலையில் ஒட்டிக்கொண்டு போகும். மெலட்டூர் பக்கத்துச் சாலையில் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

ஃபியட்டின் முன்பக்கம் இரண்டு விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும். பின்பக்கம் நேர் ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும். முன்பக்க அமைப்பு அந்தக் காலத்துக்கு அருமையானது. அதைக் கெடுப்பது கிங் பின் தேய்மானம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆடுகிறதா? இப்போது உள்ளே ஒருவரை உட்கார வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின்னோ புஷ்ஷோ. புதிய பின், புஷ் போட்டு ரீமர் பிடித்து, கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் அடைக்காமல் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டால், பாதி சஸ்பென்ஷன் வேலை முடிந்தது. வருஷக்கணக்கில் சேற்றில் ஓடிய வண்டியில் அந்த நிப்பிள் கல்லாகி இருக்கும். கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் கிரீஸ் பக்கவாட்டில் பிதுங்கும், உள்ளே போயிருக்காது. இதைக் கவனிக்காமல் ‘கிரீஸ் அடிச்சாச்சு’ என்று சொல்கிற கைகளால்தான் பின்கள் சாகின்றன.

பின்பக்கத்தில் டெல்டா வண்டிகளுக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. விதை நெல்லும் உரமும் ஏற்றுவதற்காக யாரோ ஒரு காலத்தில் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் செருகியிருப்பார்கள். வண்டியின் பின்புறம் தூக்கி நிற்கும். காலியாக ஓட்டினால் பாலத்தில் குதிக்கும். முதல் வேலை, அந்தப் பட்டையை எடுப்பது. பிறகு அடுக்கைப் பிரித்து, துருவைத் தேய்த்து, வளைவு போயிருந்தால் ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து மறுபடி வளைத்து, பட்டைகளுக்கு நடுவில் கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்ட வேண்டும். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நகராது. ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். சென்டர் போல்ட், ஷேக்கிள் புஷ் இரண்டையும் பழசையே திரும்பப் போட வேண்டாம்.

காயில் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது இப்போது ஒரு மோகம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும்; சக்கரம் மேலே ஏற இருக்கிற இடமும் குறையும். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு வேகத்தடையிலும் முட்டு ரப்பரில் போய் இடிக்கும். நான் இதைச் செய்து கொடுப்பதில்லை. இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். காசைச் செலவழிக்க ஆசையென்றால் நல்ல ஷாக் அப்சார்பரில் செலவழியுங்கள். அலைச்சாலையில் உடம்பு மிதப்பதை அடக்குவது அதுதான். டயரைப் பொறுத்தவரை, அகலத்தைக் கூட்டாமல் ரேடியலுக்கு மாறினால் போதும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் அகல டயர் போட்டால் திருப்பவே தோள் வலிக்கும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடுகிறவை. குறுக்கே ஒற்றைப் பட்டை ஸ்பிரிங். திருப்பத்தில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், பின்பகுதி எழும்பிச் சக்கரம் உள்பக்கமாக மடங்கும். ஹெரால்டின் சென்னை வாரிசான ‘கஸல்’ 1972-இல் வந்தபோது இதை விட்டுவிட்டு நேர் ஆக்சிலே போட்டார்கள். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் இதே பிரச்சினையை 1970-இல் ஸ்பிட்ஃபயரில் வேறு விதமாகத் தீர்த்தது: ஸ்பிரிங்கின் பெரும்பகுதிப் பட்டைகளை நடுவில் இறுகக் கட்டாமல் ஊசலாட விட்டது. ஹெரால்டில் வேகம் கூட்ட நினைப்பவர் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் இந்த ஸ்பிரிங்கைத் தொட வேண்டும்.

பிரேக் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை நிறுத்துவதைவிட 80-இல் போகிற அதே வண்டியை நிறுத்த முக்கால் பங்குக்கு மேல் அதிக ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். ஃபியட்டில் நான்கு சக்கரத்திலும் டிரம். டிரம்மைக் கடைசல் பிடித்து, வீல் சிலிண்டரும் மாஸ்டர் சிலிண்டரும் புதிதாக்கி, ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிட்டால் மூல எஞ்சினின் வேகத்துக்குப் போதும். அதற்கு மேல் சக்தி ஏற்றுவதானால் முன்பக்கம் டிஸ்க் இல்லாமல் நான் வண்டியை வெளியே விடமாட்டேன்.

இப்போது எஞ்சின். ஃபியட்டின் எஞ்சின் 1089 சி.சி.; துளை 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75. ‘போர் போட்டால் பவர் ஏறும்’ என்பார்கள். துளையை 69 மில்லிமீட்டர் ஆக்கினாலும் கிடைப்பது 1122 சி.சி. தான். மூன்று சதவீதம். போர் போடுவது தேய்ந்ததைச் சரியாக்கத்தான். சக்தி ஒளிந்திருப்பது வேறு இடத்தில். அலுமினிய ஹெட்டின் வழிகளைச் சீராகத் தேய்த்து, வால்வு இருக்கைகளைச் சரியாக வெட்டி, ஹெட்டைக் கொஞ்சம் முகம் சீவிக் கம்ப்ரஷனை உயர்த்தலாம். அந்த எஞ்சின் இன்றைய பெட்ரோலைவிட ஆக்டேன் குறைந்த பெட்ரோலுக்குச் செய்யப்பட்டது. கொஞ்சம் உயர்த்தினால் தாங்கும். பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் எல்லாவற்றையும் எடை பார்த்துச் சமன் செய்து, பாயின்ட்டை எடுத்து எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டு, ரேடியேட்டரில் புது கோர் வைத்துக் கட்டினால், 900 கிலோவைத் தொடாத அந்தக் கார் மகிழ்ச்சியாக ஓடும். சமன் செய்த ஃபியட் எஞ்சின் உயர்ந்த சுற்றில் பாடுகிற குரலை ஒருமுறை கேட்டவர் மாற்று எஞ்சின் பேச்சையே எடுக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

நிசான் எஞ்சின் என்று அந்தத் தம்பி சொன்னது, 1985-இல் வந்த பிரீமியர் 118 என்.இ.-யின் 1171 சி.சி. எஞ்சின். 52 குதிரைத்திறன், ஃபியட்டின் மூல எஞ்சினுக்கு நாற்பது சொச்சம். நல்ல, உழைக்கிற எஞ்சின். மூல எஞ்சினின் பிளாக்கே வெடித்துப்போன வண்டிக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு குதிரைக்காக மவுன்ட், கியர் பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம் மாற வேண்டும். முன் அச்சின்மேல் எடை மாறினால் ஸ்பிரிங் கணக்கும் மாறும். அப்புறம் ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றினால் விபத்து நேரத்தில் காப்பீடும் கைவிடலாம். இன்னொன்று: 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிந்து ‘வி.ஏ.’ எழுத்துள்ள எண் வாங்கலாம். அதற்குச் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். தாத்தாவின் ஃபியட் 1960-களுடையது என்றால், எஞ்சினை இறக்குமுன் இதை யோசியுங்கள். கழற்றிய மூல எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடவே போடாதீர்கள். பம்பாயில் 2023 அக்டோபரோடு பத்மினி டாக்ஸி ஓட்டம் நின்றுவிட்டது; அந்த வண்டிகளால் உயிரோடு இருந்த உதிரிபாகச் சந்தையும் சுருங்கிக்கொண்டே போகிறது.

எந்த எஞ்சினாக இருந்தாலும் பெட்ரோல் வழியை மாற்றியே ஆக வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்த எத்தனாலில் ஒரு பங்கு அரிசியிலிருந்தும் வருகிறது என்பது நெல் விளைவிக்கிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயஃப்ரத்தையும் அது அரிக்கும். ஈரத்தை இழுத்து டேங்கில் துரு வைக்கும். எத்தனால் தாங்கும் குழாய் போட்டு, கார்புரேட்டரில் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

கட்டி முடித்த வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை 60-க்குள் ஓட்டுங்கள். அதன் பிறகு எஞ்சின் நன்றாக ஆறிய காலை நேரத்தில் ஹெட் போல்ட்டுகளை டார்க் ரென்ச் வைத்து மறுபடி முறுக்குங்கள்; அலுமினிய ஹெட்டைச் சூட்டில் முறுக்கக்கூடாது. அன்றே பின்பக்க யு-போல்ட்டுகளையும் பாருங்கள். பட்டைகள் படிந்து உட்கார்ந்திருக்கும். நட்டு கால் சுற்றாவது கட்டாயம் ஏறும்.