வாணிகச் சர்வரின் நினைவகமும் சேமிப்பகமும்

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கரை கடந்த கஜாப் புயல், நமது புதுக்கோட்டைச் சீமையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது போலவே மின்கம்பங்களையும் சாய்த்தது. ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கங்களிற் பல நாள் விளக்கில்லை. அப்பக்கத்து மொத்த வியாபாரக் கடையொன்றின் சர்வரும் அன்றிரவு திடீரென நின்றது. மின்சாரம் மீண்டபின் நோக்குங்கால், முந்திய வருஷங்களின் கணக்கெல்லாம் பழுதின்றி இருந்தது. கடைசியாகப் பதிந்த சில பட்டியல்களை மட்டும் காணோம். “ஒரே பெட்டியில் இருந்தவற்றுள் இவை போவானேன், அவை நிற்பானேன்?” என்று கடைக்காரர் நம்மை வினவினார். அதற்கு விடையறியாது சர்வரை விரிவு செய்யப் புகுவது வீண் செலவேயாகும்.

நமது செட்டிநாட்டு ஊர்களின் பழைய வீடுகளிற் கணக்கப்பிள்ளை சாய்மூடிக் கணக்குப் பெட்டியொன்றை முன்வைத்து அமர்ந்திருப்பார். அன்றைக்கு வேண்டிய ஏடுகள் மட்டுமே அதன்மேல் விரிந்திருக்கும். பல வருஷத்துப் பேரேடுகள் உள்ளறையில் அடுக்கப்பட்டிருக்கும். சர்வரின் நினைவகம் கணக்குப் பெட்டி, சேமிப்பகம் உள்ளறை. ராம் என வழங்கும் நினைவகத்தின் நுண்ணறைகள், 1968-இல் ராபர்ட் டென்னார்டு என்பார் காப்புரிமை பெற்ற முறையில், சிறிதளவு மின்னூட்டத்தைத் தாங்கி நிற்பன. அவ்வூட்டம் கசியும் இயல்புடையதாகலின் ஒரு நொடிக்குள் பன்முறை புதுப்பிக்கப்படல் வேண்டும். மின்சாரம் நின்றால் அதில் உள்ளதெல்லாம் மறையும். சேமிப்பகமோ காந்தத் தட்டிலாயினும் எஸ்.எஸ்.டி.யிலாயினும் மின்சாரமின்றியும் தன் பொருளைக் காக்கும். கடைக்காரரின் பட்டியல்கள் உள்ளறைக்குப் போகுமுன் புயல் வந்துவிட்டது.

அங்ஙனமாயின் நினைவகம் எதற்கு என்பீரேல், வேகத்திற்கே. நினைவகத்திலிருந்து ஒன்றையெடுக்க நொடியின் கோடியில் ஒரு பங்கு ஆகுமென்றால், எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கப் பதினாயிரத்தில் ஒரு பங்கும், நிமிஷத்திற்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்க நூற்றில் ஒரு பங்கும் ஏறத்தாழ ஆகும். கணக்கப்பிள்ளை பெட்டிமேலிருந்து ஏடெடுக்க ஒரு நொடி பிடிக்குமாயின், எஸ்.எஸ்.டி. அறைக்குப் போய்வரக் கால்மணிக்குச் சற்று மேலும், சுழல்தட்டு அறைக்குப் போய்வர ஒரு நாளுக்கு மேலும் பிடிக்கும்!

ஆதலின் பெட்டி சிறிதாயிருப்பின் தாமதம் மிகும். இடம் போதாதபோது சர்வர் தன் நினைவகப் பொருளில் ஒரு பகுதியைச் சேமிப்பகத்தில் இறக்கிவைத்து, மீண்டும் மீண்டும் எடுத்துவரும். ஆகவே வேலை மிகுந்த வேளையில் நினைவகம் முற்றும் நிரம்பி, தட்டும் ஓயாது ஓடிக்கொண்டிருப்பின் நினைவகத்தையே கூட்டல் வேண்டும். நினைவகத்தில் இடமிருந்தும் தாமதமாயின் குறை வேறிடத்தது, பெரும்பாலும் சுழல்தட்டினது. இதனை அளந்து பாராமல் விற்பவர் சொற்படி வாங்குவோர் பலர்.

சர்வருக்குரிய நினைவகம் சாதாரண மேசைக் கணினிக்குரியதன்று. 64 பிட்டுகளுக்கு 8 சோதனைப் பிட்டுகள் கூட்டி, ஒரு பிட்டு பிறழ்ந்தால் திருத்தவும் இரண்டு பிறழ்ந்தால் அறிவிக்கவும் வல்லது அது. இதற்கு மூலமான கணிதத்தை ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்டார். தொகையில் 100 என்பது 108 ஆவதற்கு ஒரு பிட்டு பிறழ்ந்தாற் போதுமென்பதை எண்ணின் இதன் அருமை விளங்கும். வெவ்வேறு இனப் பலகைகளைக் கலந்திடலாகாது. வேகங் குறைந்த ஒன்றைச் சேர்த்தால் மற்றவையும் அதன் வேகத்திற்கே இறங்கும்.

சேமிப்பகத்தைப் பொறுத்தமட்டில், நாடோறும் புரளும் கணக்கை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுதல் நலம். இரண்டு தட்டுகளில் ஒன்றையே எழுதிவைக்கும் ரெய்டு முறையும் உண்டு. அப்பெயர் 1988-இல் பெர்க்கிலியைச் சார்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரின் கட்டுரையால் பரவியது. ஒரு தட்டு கெடினும் கடை நடக்கும். ஆயினும் இதனையே காப்பு நகலென மயங்குதல் பெரும் பிழை. குமாஸ்தா தவறி அழித்தது இரண்டிலும் அக்கணமே அழியும். இடி விழுந்தால் இரண்டும் ஒருங்கே போம். குடுமியான்மலை முதலிய ஊர்களின் சாசனங்கள் கல்லில் நிலைத்திருந்தும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் 1929-இல் அவற்றைப் புத்தகமாக அச்சிட்டனரன்றோ? கல் சிதையினும் வாசகம் பிறிதோரிடத்தில் இருக்கும். அத்தகையதே காப்பு நகல்.

பெட்டியைத் திறக்குமுன் அந்நகலை எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பார்த்தல் வேண்டும். திறவாத நகலை நகலென்று நம்புவதற்கில்லை. நம் கடைக்காரர் அவ்வாறு செய்தபின்னரே நினைவகத்தை இருமடங்காக்கி, இரண்டு எஸ்.எஸ்.டி.களும், மின்சாரம் நின்றபின் எழுதியதை முடித்து ஒழுங்காக நிற்க அவகாசந்தரும் யு.பி.எஸ். ஒன்றும் வாங்கினார். பழைய தட்டு வீணாகவில்லை. சனிக்கிழமைதோறும் அதில் நகலெடுத்து, திருமயத்திலுள்ள மருமகன் வீட்டிற்கு அனுப்பிவைக்கிறார்.