ஸோஹர் என்றொரு பெயர்

ஸ்ரீ அரவிந்தரின் நூல்களில் ஒரு சின்னம் பொறித்திருக்கும்: ஒன்றோடொன்று கோத்த இரு முக்கோணங்கள், நடுவே ஒரு சதுரம், அதற்குள் தாமரை. ஏறக்குறைய இதே சின்னம், சதுரத்தின் அளவு மட்டும் வேறாக, மாக்ஸ் தெயோனின் மறைஞான இயக்கத்துக்கு ஏற்கெனவே இருந்தது. தெயோன் போலந்தில் பிறந்த யூதர். அல்ஜீரியாவில் த்லெம்சென் ஊரில் வாழ்ந்த அவரிடம் 1906, 1907 ஆண்டுகளில் மறைஞானம் பயிலச் சென்றவர் மீரா அல்ஃபாஸா. பிறகு புதுச்சேரிக்கு வந்து ‘அன்னை’ ஆனவர் அவர்தான்.

அன்னையும் யூதக் குடும்பத்துப் பெண்தான். தந்தை துருக்கியர், தாய் எகிப்துக்காரர். ஆனால் 1878இல் பாரிஸில் அவர் பிறந்த வீட்டில் சாமியும் இல்லை, சடங்கும் இல்லை. யூத மறைஞானமான கபாலாவின் வாசனை அவருக்குத் தெயோன் வழியாகவே வந்தது. தெயோனோ, தன் மரபு வேதத்துக்கும் கபாலாவுக்கும் மூத்தது என்று சொல்லிக்கொண்டவர்!

அந்தக் கபாலாவின் தலையாய நூல் ஸோஹர். எபிரேயத்தில் பேரொளி என்று பொருள். தானியேல் ஆகமம் 12ஆம் அதிகாரத்தில், ஞானிகள் வானத்தின் ஒளிபோல் சுடர்விடுவார்கள் என்று வருமிடத்தில் இருக்கும் சொல் இது. அரபியிலும் இதே வேர் உண்டு. கெய்ரோவின் அல் அஸ்ஹர் அதில் கிளைத்ததே. புதுச்சேரியின் முல்லா வீதிப் பக்கம் ஸஹ்ரா என்ற பெயரைக் கேட்டால், ஸோஹருக்கு அது ஒன்றுவிட்ட தங்கை என்று கொள்ளலாம்.

நூல் வெளிப்பட்டது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்பெயினில். பெரும்பகுதி அரமேய மொழி. தொடக்கத்தில் அதைச் சிமியோன் பார் யோகாயின் மித்ராஷ் (மறைநூல் உரை) என்றும் குறிப்பிட்டார்கள். சிமியோன் 2ஆம் நூற்றாண்டு ரபி. சுவடிகளைப் பரப்பியவர் மோசே தெ லெயோன். சிமியோன் எழுதிய பழைய மூலம் ஆவிலாவில் தன் வீட்டில் இருக்கிறது என்று, தேடி வந்த அக்கோ ஊர் ஈசாக்கிடம் அவர் சத்தியம் செய்தார். 1305இல், வீடு போய்ச் சேருமுன் வழியிலேயே இறந்தும் போனார்.

பிறகு ஊர்ச் செல்வந்தர் ஒருவர், மூலச் சுவடியைக் கொடுத்தால் உன் மகளை என் மகனுக்குக் கட்டிவைக்கிறேன் என்று லெயோனின் மனைவியிடம் பேரம் பேசினாராம். ஈசாக்கு எழுதிவைத்த கதை இது. அந்த அம்மாள் கைவிரித்தார். சுவடியே கிடையாது, கணவர் தன் மண்டையிலிருந்து எழுதியதுதான் எல்லாம் என்றார். உங்கள் பெயரையே போட்டுக்கொண்டால் என்ன என்று கணவரிடம் கேட்டுமிருக்கிறார். என் பெயரைப் போட்டால் ஒரு காசு தேறாது என்பது பதில். அகத்தியர் பெயரில் எத்தனை வைத்திய நூல்கள் உலவுகின்றன என்று தெரிந்த நமக்கு இந்தப் பதில் புதிதாக இராது.