காற்று மறைவில் பார்படோஸ்

கரீபியன் பகுதியில் கடலும் ஓய்வுமாகச் சில நாட்களைக் கழிக்க விரும்பும் தம்பதிகளுக்கு நெடுங்காலமாகப் பிடித்த தீவு பார்படோஸ். வடக்கு தெற்காக 34 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக அதிகம் போனால் 23 கிலோமீட்டர், அவ்வளவுதான் தீவு. தலைநகர் பிரிட்ஜ்டவுனும் சென்னையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், வடக்கே 13 டிகிரியில் இருக்கின்றன. ஆனால் சென்னையின் அக்னி நட்சத்திர வெக்கை அங்கே கிடையாது. கிழக்கிலிருந்து ஆண்டு முழுவதும் வீசும் வியாபாரக் காற்று பகல் வெப்பத்தைப் பெரும்பாலும் 30, 31 டிகிரியோடு நிறுத்திவிடுகிறது.

தங்கப்போகும் கரையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தக் காற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒரே தீவில் கிழக்கும் மேற்கும் தெற்கும் மூன்று வேறு கடல்களைப் போல நடந்துகொள்கின்றன. கிழக்குக் கரைக்கு வரும் அலைகள் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைத் தடையின்றிக் கடந்து வருபவை. பாத்ஷீபா என்ற ஊரில், அடிப்பாகம் அரிக்கப்பட்ட பெரும் சுண்ணாம்புப் பாறைகள் கரையோரம் நிற்க, அலைகள் அவற்றின் மேல் மோதி உடைகின்றன. அங்குள்ள ‘சூப் பௌல்’ அலைச்சறுக்கு வீரர்களிடையே உலகப் புகழ் பெற்ற இடம். பார்க்க அத்தனை அழகு; நீந்தத்தான் ஆபத்து. நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும். பாறைகளுக்கு நடுவே தேங்கும் ஆழமில்லாத குட்டைகளில் உட்கார்ந்து நனைவதோடு நிறுத்திக்கொள்வதே அங்கு வழக்கம்.

மேற்குக் கரையில் காற்றைத் தீவே மறைத்துக்கொள்கிறது. ஹோல்டவுன், பெயின்ஸ் பே, முல்லின்ஸ் ஆகிய இடங்களில் பெரும்பாலான நாட்களில் கடலில் அலை என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. நீச்சல் தெரியாதவரும் இடுப்பளவு நீரில் அச்சமின்றி நிற்கலாம். மாலையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதும் இந்தப் பக்கம்தான். ஆகவே விலையும் இங்கேதான் அதிகம். ‘பிளாட்டினம் கோஸ்ட்’ என்ற செல்லப் பெயரே வசதி படைத்தவர்களின் மாளிகைகளாலும் விடுதிகளாலும் வந்தது. தெற்குக் கரை இரண்டுக்கும் நடுத்தரம். டோவர், வொர்த்திங், ராக்லி கடற்கரைகளில் விளையாடும் அளவுக்கு அலை உண்டு. நடந்துபோகும் தூரத்தில் உணவகமும் பேருந்தும் உண்டு. முதன்முறை வரும் நடுத்தர வருவாய்த் தம்பதிக்குத் தெற்குக் கரையே ஏற்றது.

பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் அங்குள்ள பெபிள்ஸ் கடற்கரைக்கு, அருகிலிருக்கும் கேரிசன் சவான்னா மைதானத்தின் பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்ட அழைத்து வருவார்கள். பராமரிப்பாளர் கயிற்றைப் பிடித்தபடி முன்னே இறங்க, குதிரை தயங்கித் தயங்கிப் பின்னால் வரும். கால் தரையை விட்டதும் கழுத்தும் தலையும் மட்டும் நீருக்கு மேலே தெரிய, மூக்கு விடைக்க, பெருமூச்சோடு நீந்தும். உப்புநீரும் நீச்சலும் ஓடிக் களைத்த கால்களுக்கு நல்லது என்பது குதிரைக்காரர்களின் அனுபவம். அதே நேரத்தில் உள்ளூர்ப் பெரியவர்கள் மார்பளவு நீரில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காலைக் கடல் குளியல் அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். ஒன்பது மணிக்கு எழுந்து வரும் பயணிக்கு இந்த இரண்டு காட்சிகளும் கிடைக்காது.

கடற்கரையின் மணலும் கவனித்துப் பார்க்கத் தக்கது. செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் போன்ற அண்டைத் தீவுகள் எரிமலையால் உருவானவை. பார்படோஸின் பெரும்பகுதியோ கடலடியில் வளர்ந்து, நிலம் உயர்ந்தபோது வெளியே வந்த பவளச் சுண்ணாம்புக்கல். கரையிலுள்ள வெண்மணலில் பெரும்பங்கு பவளமும் சிப்பியும் உடைந்த தூள். அதை உண்டாக்குவதில் கிளிமீனுக்கும் பங்கு உண்டு. கிளி மூக்கு போன்ற கடினமான வாயால் அது பவளப் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்கிறது. உள்ளே போன சுண்ணாம்பு தொண்டைப் பற்களில் அரைபட்டு மணலாக வெளியேறுகிறது. முகமூடி அணிந்து நீருக்குள் தலையை விட்டால் அது பாறையைக் கடிக்கும் சத்தமே கேட்கும்.

அலையின் வேகத்தைக் கரைக்கு வெளியிலேயே தணித்து மணலைக் காப்பதும் பவளப் பாறைகளே. கழிவுநீராலும் கடல் சூடாவதாலும் அவை நலிந்து வருகின்றன. 2005-லும் 2023-லும் கரீபியன் கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. தெற்குக் கரையில் மணல் அரிப்பைத் தடுக்கக் கற்களை அடுக்கி, அதன் மேல் நடைபாதையும் அமைத்தார்கள். இன்று தம்பதிகள் மாலையில் உலவ அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனாலும் பாறை தரும் காவலைக் கல்லணையால் முழுக்கத் தந்துவிட முடியாது. பவளத்தின் மேல் நிற்காமலிருப்பதும், உடலெங்கும் வெயில் தடுப்புக் களிம்பு பூசுவதற்குப் பதில் முழுக்கைச் சட்டை அணிந்து நீந்துவதும் பயணி செய்யக்கூடிய சிறு உதவி.

கார்லைல் விரிகுடாவில் 1919-இல் மூழ்கிய ‘பெர்வின்’ என்ற இழுவைப் படகு உட்படச் சில கப்பல்கள் ஆழம் குறைந்த நீரில் கிடக்கின்றன. மூச்சுக்குழாய் மாட்டி மேலே மிதந்தபடியே அவற்றைப் பார்த்துவிடலாம். கடலாமைகளும் அங்கே மேய வரும். மேற்கு இந்தியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கடலாமைத் திட்டம் 1987 முதல் அவற்றைக் காத்து வருகிறது; 1998 முதல் ஆமை பிடிக்கவே தடை. ஆமையைத் தொடுவதும் தீனி காட்டி வரவழைப்பதும் அதற்கு நல்லதல்ல. சற்றுத் தள்ளி மிதந்தபடி பார்த்தாலே அது பக்கத்தில் வந்து மூச்சு விட்டுப் போகும்.

சாப்பாட்டுக்கு விடுதியையே நம்பியிருப்பது பெரிய இழப்பு. வெள்ளிக்கிழமை இரவு ஓயிஸ்டின்ஸ் மீன்பிடித் துறையில் கடைகள் நிறைந்து, கரியடுப்பில் சுட்ட மீனும் பாட்டுமாக ஊரே கூடும். தேசிய உணவு கூ-கூவும் பறக்கும் மீனும். நம் கடற்கரையில் கோலா என்று சொல்லும் அதே வகை மீன்தான் அது. பார்படோஸின் ஒரு டாலர் நாணயத்திலும் அதன் உருவம் இருக்கிறது. கூ-கூ, கேழ்வரகுக் களி கிண்டுவதைப் போலவே செய்யப்படுகிறது. வெண்டைக்காயை வேகவைத்து, அந்த வழவழப்பான நீரில் ஊறவைத்த மக்காச்சோள மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தட்டையான மரத்துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டுவார்கள். வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் போட்டு வடிவெடுத்துக் கவிழ்த்து, தக்காளி, வெங்காயம், எலுமிச்சையோடு வெந்த மீனைக் குழம்புடன் மேலே வைப்பார்கள். சைவம் மட்டும் உண்பவர்களுக்கு வாழைப்பழ வறுவல், ஈரப்பலா, மாக்கரோனி பை, ரொட்டிக்குள் சுருட்டிய காய்கறி எல்லாம் கிடைக்கும்.

ரம் இந்தத் தீவின் அடையாளம். மவுண்ட் கே வடிசாலையின் ஆவணம் 1703-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ரம்முக்குப் பின்னால் கரும்பும், கரும்புக்குப் பின்னால் அடிமை முறையும் இருக்கின்றன. 1627-இல் ஆங்கிலேயர் குடியேறிச் சில பத்தாண்டுகளுக்குள் தீவு முழுவதும் கரும்புத் தோட்டமானது. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்ட மக்களின் உழைப்பில் அந்தச் செல்வம் பெருகியது. 1816-இல் தங்களில் ஒருவரான புஸ்ஸாவின் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1838-இல்தான் முழு விடுதலை கிடைத்தது. நாடு 1966-இல் சுதந்திரம் பெற்று, 2021-இல் குடியரசானது. தெற்குக் கரையிலிருந்து சிறிது தூரத்தில், நியூட்டன் தோட்டத்தில் அடிமைகள் புதைக்கப்பட்ட நிலம் இருக்கிறது. கடற்கரை நாட்களில் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்கத்தான் வேண்டும். இந்தத் தீவு யாருடைய உழைப்பால் செழித்தது என்பது அங்கே நின்றால் விளங்கும்.

தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் சிலவே. கடற்கரைகள் எல்லாம் பொதுச்சொத்து. எவ்வளவு பெரிய விடுதியின் முன்னாலும் யாரும் துண்டு விரிக்கலாம். ராணுவ உடையைப் போன்ற புள்ளித் துணியைக் குழந்தைகள்கூட அணியக் கூடாது, சட்டப்படி குற்றம். மேற்குக் கரையில் மஞ்சினீல் என்ற மரத்தை அடையாளம் கண்டு ஒதுங்க வேண்டும். சிறிய பச்சை ஆப்பிள் போன்ற அதன் காய் கடும் நஞ்சு. மரத்தின் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே புண்ணாக்கிவிடும். பல இடங்களில் எச்சரிக்கைக்காக அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருப்பார்கள்.

டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. கூட்டமும் வாடகையும் அதிகம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். தீவுச் சங்கிலிக்கு வெளியே கிழக்கில் தள்ளியிருப்பதால் பார்படோஸுக்குப் புயலின் நேரடி அடி அரிது. 1955-க்குப் பிறகு 2021-இல்தான் ‘எல்சா’ சூறாவளியாக வந்து தாக்கியது. 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, ‘பெரில்’ சூறாவளியால் விமான நிலையம் மூடப்பட்டு அங்கேயே சில நாள் முடங்கியது நினைவிருக்கும். அந்தப் புயல் தெற்கே விலகிப் போயும் மீனவர்களின் படகுகளை நொறுக்கிவிட்டுப் போனது. புயல் காலத்தில் போவதானால் தேதியை மாற்றிக்கொள்ள இடம் தரும் பயணச்சீட்டும் காப்பீடும் அவசியம். 2011 முதல் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி பெருந்திரளாக வந்து, கிழக்கிலும் தெற்கிலும் கரை ஒதுங்கி அழுகி நாறுவதும் உண்டு. காற்று மறைவான மேற்குக் கரை அதிலிருந்தும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. பெரும்பாலும் லண்டன் அல்லது வட அமெரிக்க நகரங்கள் வழியாகப் போக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பார்படோஸில் சுற்றுலா விசா தேவையில்லை என்றாலும், வழியில் விமானம் மாறும் நாட்டின் விசா விதியை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம். இந்த மதிப்பு 1975 முதல் மாறவில்லை. தீவுக்குள் சுற்ற நீல நிற அரசுப் பேருந்து, மஞ்சள் மினி பஸ், பாட்டு அலறும் வெள்ளை வேன் மூன்றும் ஓடுகின்றன. எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் ஒன்றே.